ஜாபாலி வாக்கியமும் இங்குதிப் பிண்டமும்

ஸ்ரீமத் ராமாயண உபந்யாஸங்களில் விரைந்து கடந்துபோகும் இடங்கள் சில உண்டு. அயோத்யாகாண்டத்து 108-ஆம் ஸர்க்கம் அவற்றுள் ஒன்று. சித்ரகூடத்தில் தாய்மாரும் குலகுருவும் அமைச்சரும் நகரத்தாரும் சூழ்ந்திருக்க, ஸ்ரீபரதாழ்வான் பெருமாளை மீட்டுச் செல்ல மன்றாடி நிற்கையில், ஜாபாலி என்னும் அந்தணர் இடையே புகுந்து பேசுகிறார். தந்தை என்பது இல்லை, சிராத்தம் என்பது வீண், மறுமை என்பது பொய், ஆகையால் ராஜ்யத்தை ஏற்றுக்கொள்க என்பது அவர் பேச்சு. "அவர் திருவுள்ளத்தில் அப்படி இல்லை; பெருமாளைத் திருப்பி அழைத்துப்போகவே அப்படிச் சொன்னார்" என்று ஒரு வாக்கியத்தால் சமாதானம் சொல்லிவிட்டுப் பாதுகையின் பெருமைக்குப் போய்விடுவது உபந்யாஸகர்களின் வழக்கம். பகுத்தறிவு பேசுவோரோ, உண்மை பேசிய ஒரே மனிதர் அதட்டி வாயடைக்கப்பட்டார் என்று இதே ஸர்க்கத்தைக் காட்டுவர். இருசாராரும் ஒன்றில் ஒத்தவர்கள். ஜாபாலி சொன்னதை, அது சொல்லப்பட்ட இடத்தில் வைத்து, முன்பின் ஸங்கதியோடு எவரும் படிப்பதில்லை.

ஸங்கதியைப் பார்த்தால் முதலில் தெரிவது, இப்பேச்சு திடீரென்று வந்ததன்று என்பது. இதற்கு முந்திய 107-ஆம் ஸர்க்கத்தில் பெருமாள் இரண்டு விஷயங்களை எடுத்துரைக்கிறார். ஒன்று, சக்ரவர்த்தி கைகேயியை மணந்தபோது அவள் தந்தைக்கு ராஜ்யத்தையே சுல்கமாக வாக்களித்தார் என்பது. அதாவது இவ்வழக்கில் நியாயப்படியே ராஜ்யம் பரதனுக்கு உரியது. மற்றொன்று, புத்ரன் என்ற சொல்லின் பொருளும், கயையில் பித்ருக்களைக் குறித்துப் பாடப்பட்ட பழங்கதையும். புத் என்னும் நரகத்தினின்று தந்தையைக் காப்பவன் புத்ரன். பல பிள்ளைகளை வேண்டுவது அவர்களில் ஒருவனாவது கயைக்குப் போகமாட்டானா என்பதற்காகவே. முதல் வாதம் ராஜநீதியைச் சேர்ந்தது, இரண்டாவது வாதம் பித்ருகர்மத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டும் நிலைத்த பின்பு பரதன் பக்ஷத்தில் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. வாக்குக் கொடுக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. வாக்கு தந்தையைக் கட்டாது என்றும் சொல்ல முடியாது. ஆகவே, வாக்கு என்பதே இறந்தவனோடு இறந்துபோகும் என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. ஜாபாலி அங்கே எழுகிறார். அவர் அஷ்டகா சிராத்தத்தைப் பழிப்பது கயையின் பெயருக்கு மறுமொழி. தந்தை வித்து மாத்திரம் என்பது புத்ர சப்தத்தின் பொருளுக்கு மறுமொழி. பொழுதுபோக்காக நாஸ்திகம் பேசியவர் அல்லர். எதிரியின் வாதத்தை உறுப்பு உறுப்பாகக் குறித்துக்கொண்டு பேசியவர். நல்ல பூர்வபக்ஷிக்கு இதுவே இலக்கணம்.

அவர் வாதத்தின் வரிசை இது. ஜீவன் தனியே பிறந்து தனியே மாய்கிறான். வழிப்போக்கன் ஓரிரவு தங்கிப் புறப்படும் விடுதி போன்றவை உறவுகள். தசரதர் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டார். அவருக்கும் ராமனுக்கும் இனி ஒன்றுமில்லை. கைக்கு வந்த பொருளை விட்டுத் தர்மம் தர்மம் என்று போகிறவர்கள் இம்மையில் துன்புற்று, முடிவில் அழிந்தே போகிறார்கள். சிராத்தத்தில் அன்னம் நாசமாகிறது. இறந்தவன் எதை உண்பான்? ஒருவன் உண்டது வேறொருவன் உடலுக்குப் போகுமானால், வெளியூர் போகிறவனுக்கு வீட்டிலேயே சிராத்தம் செய்துவிடலாம், அவன் கட்டுச்சோறு சுமக்க வேண்டாம். யாகம் செய், தானம் கொடு, தீக்ஷை கொள், தவம் புரி என்னும் நூல்கள் பிறரைக் கொடுக்கச் செய்வதற்காகச் சாமர்த்தியசாலிகள் இயற்றியவை. கண்ணுக்குத் தெரிவதை முன்வைத்து, தெரியாததைப் பின்னே தள்ளுக.

இவற்றுள் கட்டுச்சோற்று வாதமே நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தது. ஸ்ரீவிஷ்ணுபுராணத்தில் மூன்றாம் அம்சம் 18-ஆம் அத்யாயத்தில் மாயாமோஹன் அசுரர்களுக்கு உபதேசிக்கும் பேச்சில் இது அப்படியே வருகிறது. மாதவாசார்யரின் ஸர்வதர்சன ஸங்க்ரஹத்தில் சார்வாகப் பகுதியிலும் வருகிறது. விஷ்ணுபுராணத்தில் ஒரு விசேஷம் கவனிக்கத் தக்கது. அந்த மாயாமோஹன் எங்கிருந்தோ வந்தவன் அல்லன். பகவான் தன் திருமேனியிலிருந்தே தோற்றுவித்துத் தேவர்களுக்குக் கொடுத்தவன். ஐயத்தின் சொல்லும் அவனிடத்தினின்றே புறப்பட்டது என்று எழுதப் பராசர மகரிஷி அஞ்சவில்லை.

கட்டுச்சோற்று வாதத்துக்குப் பெருமாள் 109-ஆம் ஸர்க்கத்தில் நேரே விடை சொல்லவில்லை என்பது உண்மை. பகுத்தறிவாளர் இதைப் பெரிய வெற்றியாகக் கொள்வர். வைதிகர் இதைக் கவனியாததுபோல் இருப்பர். விடை முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்பதை இருவரும் பார்ப்பதில்லை. ஐந்து ஸர்க்கங்கள் பின்னே போனால் அது கிடைக்கும்.

103-ஆம் ஸர்க்கத்தில், தந்தை மாய்ந்த செய்தியைப் பரதன் வாயிலாகக் கேட்டு மூர்ச்சித்துத் தெளிந்த பெருமாள், பிராட்டியையும் இளையபெருமாளையும் முன்னிட்டுக்கொண்டு மந்தாகினியில் இறங்கித் தென்திசை நோக்கி நீர்க்கடன் கழிக்கிறார். பிறகு கரையேறி, இங்குதிப் பிண்ணாக்கை இலந்தைப் பழத்தோடு பிசைந்து தர்ப்பையின் மேல் வைக்கிறார். சக்ரவர்த்தித் திருமகன் கையில் அன்று இருந்தது அவ்வளவே. வைக்கும்போது அவர் சொல்வதன் கருத்து: இன்று யாங்கள் உண்பது இது, ஒருவன் எதை உண்கிறானோ அதையே அவன் தேவதைகளும் உண்பர், ஆகையால் இதை அமுது செய்தருள வேண்டும்.

அடுத்த ஸர்க்கத்தில் கௌஸல்யை அவ்வழியே வருகிறாள். தென்முகமாகப் பரப்பிய தர்ப்பையின் மேல் அந்தப் பிண்டத்தைக் காண்கிறாள். இந்திரனுக்கு ஒப்பான அரசர், பூமியெல்லாம் ஆண்டு அனுபவித்தவர், இந்தப் பிண்ணாக்கை எப்படி உண்பார் என்று கதறுகிறாள். இதனினும் தனக்குத் துயரமானது ஒன்றில்லை என்கிறாள். பிறகு, மனிதன் உண்பதையே அவன் தேவதைகளும் உண்பர் என்று உலகத்தார் சொல்லும் வார்த்தை மெய்தான் போலும் என்று தானே சொல்லித் தேறுகிறாள்.

இறந்தவன் எதை உண்பான், எப்படி உண்பான் என்ற கேள்வி, ஆகவே, ஜாபாலி கேட்பதற்கு முன்பே அந்த ஆற்றங்கரையில் எழுந்துவிட்டது. அதைக் கேட்டவள் மனைவி. அதே கேள்வியை ஓர் இரவு கழித்து ஜாபாலி பரிஹாஸமாகக் கேட்கிறார். அன்னம் பாழாகிறதே என்கிறார். அங்கே பாழாவதற்கு அன்னமே இல்லை. சிராத்தம் என்பது இறந்தவன் வயிற்றுக்கு உணவு அனுப்பும் ஏற்பாடு என்று கொண்டால் கட்டுச்சோற்று வாதம் அசைக்க முடியாதது. மந்தாகினிக் கரையில் நடந்தது அத்தகைய ஏற்பாடன்று. தான் இழிந்த நிலையில் எதை உண்டு கிடக்கிறானோ அதில் தந்தைக்கும் பங்குண்டு என்று பிள்ளை சொன்னது அது. விஷ்ணுபுராணமும் மூன்றாம் அம்சம் 14-ஆம் அத்யாயத்தில், பித்ருக்கள் தாமே பாடியதாக, ஒன்றுமில்லாத ஏழை வானத்தை நோக்கி இரு கைகளையும் தூக்கி, "என்னிடம் பொருளில்லை, என் பக்தியினாலேயே த்ருப்தி அடையுங்கள்" என்று சொன்னாலே போதும் என்ற கருத்தை வைத்திருக்கிறது. மாயாமோஹனின் பரிஹாஸத்துக்கு நான்கு அத்யாயம் முன்னதாகவே இது வைக்கப்பட்டிருப்பதும் சித்ரகூடத்து அமைப்பைப் போன்றதே.

அன்ன நாசம் என்ற குற்றச்சாட்டில் நியாயமே இல்லை என்பதற்கில்லை. மனு தம் மூன்றாம் அத்யாயத்தில் தேவகார்யத்துக்கு இருவர், பித்ருகார்யத்துக்கு மூவர் என்று வரம்பு கட்டி, செல்வந்தனாயினும் கூட்டத்தைப் பெருக்கலாகாது, பெருக்கினால் உபசாரமும் தூய்மையும் கெடும் என்கிறார். மண்டபம் பிடித்துப் பந்தி பந்தியாக இலை போடும் இக்காலத்துச் சிராத்தங்களைக் கண்டிருந்தால் ஜாபாலிக்கு மனுவே துணையாகியிருப்பார்.

இனி, ஜாபாலியின் வாதம் எங்கே முறிகிறது? வெளியிலிருந்து யாரும் அதை முறிக்க வேண்டுவதில்லை. எவனும் எவனுக்கும் உறவில்லை என்று தொடங்கியவர், அதே ஸர்க்கத்தில், அயோத்யை ஒற்றைச் சடை தாங்கிய பெண்ணைப்போல் நாயகனை எதிர்நோக்கி இருக்கிறாள் என்கிறார். தந்தை மகன் என்பது பித்து என்றவருக்கு நகரத்துக்கும் அரசனுக்கும் உள்ள உறவு பித்தாகத் தோன்றவில்லை. பரதன் வேண்டிக் கொடுக்கிறான், பெற்றுக்கொள் என்று முடிக்கிறார். வேண்டுகிறவன் யார் உறவு? முடிவில், உலகத்துக்கெல்லாம் எடுத்துக்காட்டான ஸத்துக்களின் புத்தியை முன்னிட்டு நடக்கச் சொல்கிறார். கண்ணால் காண்பதே ப்ரமாணம் என்றவர், முடிவுரைக்குச் சான்றோர் ஸம்மதியைத் தேடவேண்டியதாயிற்று. உறவில்லை என்ற ஒரே மூலவாக்கியத்திலிருந்து விரக்தன் காட்டுக்குப் போகிறான், ஜாபாலி அரியணைக்கு வழிகாட்டுகிறார். மூலவாக்கியம் அரியணையைத் தரவில்லை என்பது இதிலிருந்தே தெளிவு. அரியணை முன்பே தீர்மானமாகி, அதற்கு வாக்கியம் பின்னே தேடப்பட்டது.

சாமர்த்தியசாலிகள் தம் ஆதாயத்துக்காக நூல் செய்தார்கள் என்ற வார்த்தையும் அந்தச் சபையில் தலைகீழாக நின்றது. நூலை நம்பியவர் மரவுரி உடுத்து ராஜ்யத்தை இழந்து நிற்கிறார். நூலை நம்பாதவர் ஆதாயத்தைக் காட்டி அழைக்கிறார்.

மற்றொன்று. தசரதர் வித்து மாத்திரம் என்ற சொல்லை ஜாபாலி யாரிடத்தில் சொல்கிறார்? பாலகாண்டத்தில் சக்ரவர்த்தி பிள்ளை வேண்டி அச்வமேதம் செய்ய நினைத்தபோது அழைத்துக் கலந்த பெரியோர்களில் ஸுயஜ்ஞர், வாமதேவர், காச்யபரோடு ஜாபாலியும் இருந்தார். எந்த யாகத்தைப் பொய் என்கிறாரோ அந்த யாகத்தின் பலமாக வந்தவர் எதிரே நிற்கிறார். பாயஸத்தால் அவதரித்தவரைச் சுக்ல சோணிதக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறார். இதில் இன்னும் ஆழமான பொருளும் உண்டு. தந்தை காரணமல்லன் என்ற வார்த்தை யார் விஷயத்திலாவது முழுமெய்யாகுமானால் அது ஸர்வகாரணனான எம்பெருமான் விஷயத்திலேதான். அவனோ, பாலகாண்டம் சொல்லுகிறபடி, தசரதரைத் தந்தையாகத் தானே விரும்பித் தேர்ந்தான். பிறப்பால் வந்த கட்டு இல்லாதவன் விருப்பத்தால் கட்டுண்டான். ஸ்வதந்த்ரனுக்குப் பாரதந்த்ர்யம் போக்யமாயிற்று என்பது ஸம்ப்ரதாயத்தின் துணிவு. ஜாபாலியின் வாதம் மோதியது இந்த விருப்பத்தோடே. விருப்பத்தை வித்தைக் காட்டி மறுக்க முடியாது.

109-ஆம் ஸர்க்கத்தில் பெருமாள் அருளிச்செய்யும் மறுமொழி, ராஜநீதியிலேயே ஊன்றி நிற்கிறது. ஜாபாலி ஒரு தனி மனிதனின் சுகத்தைப் பற்றிப் பேசினார். பெருமாள் எல்லோரும் பார்த்திருக்கும் ஒருவனைப் பற்றிப் பேசுகிறார். அரசர் எவ்வொழுக்கத்தினரோ குடிகளும் அவ்வொழுக்கத்தினர். பொய்யனைக் கண்டு பாம்பைக் கண்டாற்போல் உலகம் நடுங்கும். தந்தையின் எதிரில் வனவாஸத்துக்கு உடன்பட்டுவிட்டு, இப்போது பரதன் சொல்லைக் கொள்வது எப்படி? இதன் கூர்மை ஜாபாலியின் கடைசி வாக்கியத்தில் சென்று பாய்கிறது. கொடுத்த வாக்கு கேட்டவன் இறந்ததும் இறக்குமானால், பரதன் இன்று கொடுக்கும் வாக்கை நம்பி ராஜ்யத்தை ஏற்பது எங்ஙனம்? நாஸ்திகர் அளிக்க வந்த பொருளும் ஒரு வாக்கின் மேலேயே நின்றது.

அந்த ஸர்க்கத்தின் கடைப்பகுதி, அனுஷ்டுப் நடை மாறி, கோபமாகச் செல்கிறது. புத்தனைத் திருடனோடு சேர்த்துச் சொல்லும் சுலோகம் அங்கேதான் உள்ளது. பரோடாவில் 1962-இல் பி. எல். வைத்யா பதிப்பித்த அயோத்யாகாண்ட ஆராய்ச்சிப் பதிப்பு அதை மூலபாடத்தில் சேர்க்கவில்லை. தென்னாட்டுப் பாடத்தில் அது வழங்கிவந்தது. அதை விட்டால் பெருமாளுக்குக் குறையொன்றும் வாராது. அதைப் பிடித்துக்கொண்டு பௌத்தரை ஏசுவதற்கு அந்த ஸர்க்கம் இடமும் அன்று. பேச வேண்டியது அதனருகே வரும் வேறொரு வார்த்தை. இப்படிப்பட்ட புத்தியுள்ளவரைத் தம் அருகில் வைத்துக்கொண்ட தந்தையின் செயலை நிந்திக்கிறேன் என்பது அது. தந்தையின் சொல்லுக்காக ராஜ்யம் துறந்தவர், தந்தையின் செயலை அந்தச் சபையிலேயே குற்றம் சொல்கிறார். பித்ருவாக்ய பரிபாலனம் என்பது தந்தை செய்ததெல்லாம் சரி என்னும் கண்மூடித்தனம் என்று இக்காலத்தில் சொல்வோருக்கு இவ்வொரு வார்த்தை போதும். காக்கப்பட்டது வாக்கு, தந்தையின் விவேகம் அன்று.

அந்தக் கோபத்துக்கும் வேர் உண்டு. இதே சித்ரகூடத்தில், எட்டு ஸர்க்கங்களுக்கு முன்னே, குசலம் கேட்கும் 100-ஆம் ஸர்க்கத்தில், லோகாயதிக ப்ராஹ்மணர்களைப் பரதன் அண்டவில்லையே என்று பெருமாள் கேட்டிருந்தார். தர்மசாஸ்த்ரங்கள் இருக்க, வெறும் தர்க்கபுத்தியைக் கொண்டு பயனற்றது பேசுவோர் என்றும் சொல்லியிருந்தார். கேட்ட கேள்விக்குப் பரதன் கூட்டிவந்த பரிவாரத்திலிருந்தே விடை எழுந்து நின்றது. கௌடில்யர் ஆன்வீக்ஷிகியை ஸாங்க்யம், யோகம், லோகாயதம் என மூன்றாகக் கூறி அரசன் கற்கும் வித்தைகளில் முதலாக வைத்திருப்பதை நினைத்தால், அரசவையில் இத்தகையவர் இருந்தது வியப்பன்று.

இனி வஸிஷ்டரின் சமாதானம். ஜாபாலியும் இவ்வுலகின் போக்குவரவை அறிந்தவரே, உம்மைத் திருப்பவே இப்படிச் சொன்னார் என்று 110-ஆம் ஸர்க்கத் தொடக்கத்தில் அவர் சொல்கிறார். உபந்யாஸகர்கள் பற்றிக்கொள்வது இதை. இது ஜாபாலியைக் காப்பாற்றும் வார்த்தை. ஜாபாலியின் வாதத்துக்கு விடையன்று. சொன்னவர் மனத்தில் அது இல்லை என்பதால் சொல் பொய்யாகிவிடாது. வஸிஷ்டருக்கும் அது தெரிந்திருந்தது போலும். அவ்வொரு வாக்கியத்தோடு நில்லாமல், உலகத் தோற்றம் தொடங்கி, ப்ரஹ்மா, மரீசி, காச்யபர், விவஸ்வான், மனு, இக்ஷ்வாகு என்று இறங்கித் தசரதர் வரைக்கும் வம்சத்தை ஒவ்வொரு பெயராக உரைக்கிறார். யார் யாருக்கு உறவு என்று கேட்டவருக்கு அந்தப் பெயர்களின் வரிசையே விடையாக நின்றது. கம்பநாட்டாழ்வார் கிளைகண்டு நீங்கு படலத்தில் ஜாபாலியை அடியோடு விட்டுவிட்டார். காவ்ய ரஸத்துக்கு அது உகந்ததாயிருக்கலாம். அதனால் தமிழில் மாத்திரம் ராமகதை கேட்டவர்க்கு இந்தப் பூர்வபக்ஷம் இருந்ததே தெரியாமற்போயிற்று.

பூர்வாசார்யர்கள் இத்தகைய கேள்விகளை மறைத்தவர்கள் அல்லர். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் சாஸ்த்ரயோநித்வ அதிகரணத்தில், குடத்தைக் கண்டு குயவனை ஊகிப்பதுபோல் உலகைக் கண்டு ஈச்வரனை ஊகிக்கலாம் என்ற வாதத்தைத் தாமே உடைக்கிறார். பலர் பல காலத்தில் செய்ததாகவும் இருக்கலாமே. கண்ட கர்த்தாக்களெல்லாம் உடல் உடையவராயிற்றே என்று அவர் எழுப்பும் தடைகளை ஒரு நாஸ்திகர் இதனினும் வலிமையாக எழுப்பியிருக்க முடியாது. அநுமானத்தால் எட்டாதது சாஸ்த்ரத்தாலேயே அறியத்தக்கது என்று காட்டவே அவ்வளவும். ஆளவந்தார் ஆத்மஸித்தியில் உடலே ஆத்மா என்னும் பக்ஷத்தை எடுத்துக்கொண்டு வாதிக்கிறார். ஸ்வாமி தேசிகன் பரமதபங்கத்தில் லோகாயதிகருக்குத் தனி அதிகாரமே ஒதுக்கினார். திருவாய்மொழி முதல் திருவாய்மொழியில் ஒன்பதாம் பாசுரத்தில் ஆழ்வார் சூன்யவாதியை வெளியே நிறுத்தாமல், அவன் சொல்லும் இல்லை என்பதன் பொருளையே விசாரிக்கிறார். ஈட்டில் நம்பிள்ளையின் நிர்வாஹம் இவ்வழியிலே செல்கிறது. இவ்வளவு செல்வம் வைத்திருப்போர், ஜாபாலி வந்தவுடன் "நடிப்பு" என்ற ஒரு சொல்லின் பின்னே ஒதுங்குவது பொருந்தாது.

ஜாபாலிக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதையும் முனிவர் எழுதியிருக்கிறார். உத்தரகாண்டம் 74-ஆம் ஸர்க்கத்தில், அந்தணன் ஒருவன் இறந்த பிள்ளையை அரண்மனை வாயிலில் கிடத்தி முறையிட்டபோது, பெருமாள் ஆலோசனைக்கு அழைத்த எண்மரைப் பெயர் சொல்லி எண்ணுகிறார். அந்த ஸர்க்கம் தொடங்கிவைக்கும் சம்பூக வ்ருத்தாந்தம் தனியே ஆராய வேண்டிய கடினமான விஷயம். இதனோடு கலக்கத் தக்கதன்று. எண்மரின் பெயர்கள் மாத்திரம் இங்கு வேண்டுவது. மார்க்கண்டேயர், மௌத்கல்யர், வாமதேவர், காச்யபர், காத்யாயனர், ஜாபாலி, கௌதமர், நாரதர். தந்தை அவரை வைத்துக்கொண்டதை நிந்தித்தவர், தம் சபையில் காத்யாயனருக்கும் கௌதமருக்கும் நடுவே அவரை அமர்த்தியிருந்தார்.